நீர் தேடிய பெயர்வும் நம் இலக்கியமும்

ஈழத்துத் தமிழிலக்கியத்தின் தலையாய பொருள் இன்று யாது என வினவுவார்க்குப் 'புலம்பெயர்வு' என்று தயங்காது விடை கூறிவிடலாம். கடந்த 40 ஆண்டுகளில் நம்மவர் எழுதிய கவிதையிலும் கதையிலும் பெரும்பகுதி ஊரைவிட்டுப் போனவனைப் பற்றியது. அல்லது போனவனே எழுதியது. போரும் இனவொடுக்குமுறையும் துரத்திய ஒரு மக்கட் கூட்டத்தின் இலக்கியம் வேறுவிதமாக அமைந்திருக்க முடியாது. அதிற் குறை காண்பது நமது நோக்கமன்று. ஆயினும் அந்தப் பெருங்குரலின் நிழலிலே மற்றொரு பெயர்வு ஓசையின்றி நடந்துவருகின்றது. கிணறு உவராகிறது, தோட்டம் தரிசாகிறது, மூத்த மகன் போகிறான். இதற்கு நினைவுநாள் குறிப்பாரில்லை. நாவல் எழுதுவாரும் அரிது.

சென்ற தவணையிலே பத்தாம் வகுப்பு மாணவர்க்கு 'எங்கள் வீட்டுக் கிணறு' என்னுந் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்தோம். 'தண்ணீரின் பயன்கள்' என்ற பழைய பாடத்தையே வேறு வடிவில் ஒப்புவிப்பார்கள் என எதிர்பார்த்திருந்தோம். பெரும்பாலோர் அவ்வாறே செய்தனர். கரையோரக் கிராமமொன்றிலிருந்து வரும் ஒரு மாணவன் மட்டும் வேறு எழுதியிருந்தான். தன் பேரனார் துலா மிதித்து இறைத்த காலத்தில் அக்கிணற்று நீர் குடிக்க உதவியது. தந்தையார் மெசின் வைத்து வெங்காயம் செய்த காலத்தில் ஆடி ஆவணியில் மட்டும் சவர்த்தது. இப்போது மாரியிலும் சவர்க்கிறது. குடிநீர் பவுசரில் வருகிறது. அண்ணன் கட்டாரில் இருக்கிறான். அண்ணன் போனதற்கும் கிணற்றுக்கும் தொடர்புண்டு என்று அவன் விளக்கவில்லை. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதியிருந்தான், அவ்வளவே. இக்கட்டுரைக்கு நம்மைத் தூண்டியது அதுவே.

உலக அரங்கிலே இத்தகைய பெயர்வுக்கு இன்று ஒரு புதுப்பெயர் வழங்குகிறது: 'இசைவாக்கம்'. விஞ்ஞான பாடத்திலே பாலைவனத்து ஒட்டகத்துக்கும் சதுப்பு நிலத்துக் கண்டலுக்கும் நாம் கற்பிக்கும் அதே சொல்தான். காலநிலை மாறும்போது மனிதன் இடம்பெயர்வதைத் தோல்வியாகக் கருதலாகாது, அதுவும் சூழலுக்கு இசைந்து வாழும் ஒரு வழியே என்பது இக்கொள்கையின் சாரம். 2010ஆம் ஆண்டு மெக்சிக்கோவின் கான்கூன் நகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் காலநிலை மாநாடு, இடப்பெயர்வையும் திட்டமிட்ட மீள்குடியேற்றத்தையும் இசைவாக்கம் பற்றிய தன் உடன்பாட்டினுள் முதன்முறையாகச் சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு பிரித்தானிய அரசின் விஞ்ஞான அலுவலகம் வெளியிட்ட பேரறிக்கை இக்கருத்துக்கு வலுவூட்டிற்று. தக்க நடவடிக்கை எடாவிடின் 2050ஆம் ஆண்டளவில் 21 கோடியே 60 இலட்சம் மக்கள் தத்தம் நாடுகளுக்குள்ளேயே இடம்பெயர நேரலாமென உலக வங்கி 2021இல் கணக்கிட்டது.

இக்கொள்கையை முற்றாக மறுப்பது பேதைமை. மனித குலத்தின் வரலாறே பெயர்வின் வரலாறு. 'அகதிப் பெருவெள்ளம் வருகிறது, வாயிலை அடையுங்கள்' என்று மேலைநாட்டுப் பிற்போக்காளர் கூச்சலிடும் வேளையில், பெயர்வோனை ஆபத்தாகக் காட்டாது அறிவுடையோனாகக் காட்டுவதில் ஒரு நியாயமும் உண்டு. நமது ஐயம் பிறிதொன்று. ஒட்டகம் தன் உடலை வளைத்து இசைந்தது. அதற்கு எவரும் நிலமோ நீரோ தர வேண்டியிருக்கவில்லை. மனிதன் பெயரும்போது எவன் நிலத்துக்குப் போகிறான்? எவன் நீரைக் குடிக்கிறான்? போக வழியற்றவன் என்னாகிறான்? இசைவாக்கம் என்ற சொல் இவ்வினாக்களை விழுங்கிவிடுகிறது. நல்ல இலக்கியம் விழுங்காது. இதனை நம் நூல்களைக் கொண்டே காட்ட விழைகிறோம்.

பழந்தமிழர் இச்சிக்கலை அறியாதவரல்லர். காடும் மலையும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பிழந்து பாலையாக மாறுவதை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையிலே கூறுகிறார். பாலை தனித்ததோர் நிலமன்று. பிற நிலம் கெட்டு ஆவது என்ற இக்கருத்தை இன்றைய புவியியல் மாணவனும் வியந்து நோக்குவான். அந்தப் பாலைக்குச் சான்றோர் வகுத்த ஒழுக்கம் பிரிவு. பொருள் தேடிப் போகும் தலைவனைப் பாடும்போது வீட்டில் இருக்கும் தலைவியையும் அவர்கள் பாடினர். அவளுடைய மெலிவையும் நாளெண்ணிச் சுவரிற் கோடிடுதலையும் பாடினர். பெயர்வு என்பது போவோன் ஒருவனின் கதை மட்டுமன்று என்ற தெளிவு அக்கவிதை மரபிலேயே இருந்தது. மணிமேகலையிலோ புகார் நகரையே கடல் கொள்கிறது. இந்திர விழாவை மறந்த குற்றத்துக்கான தண்டனை அது என்கிறார் சாத்தனார். பௌத்தக் காவியத்துக்கு அந்தக் காரணம் போதும். இன்று கரையைத் தின்னும் கடலுக்குக் காரணம் நெடுந்தீவு மீனவன் எந்த விழாவையும் மறந்ததன்று. அவன் கண்டிராத நாடுகளின் ஆலைப் புகை.

இனி நமது மண்ணுக்கு வருவோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறு மாரியில் ஓடிப் பின் மறையும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை சுண்ணக்கற் பாறையின் இடுக்குகளில் இறங்கிக் கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. அந்த மெல்லிய வில்லையின் தயவிலேதான் நம் சைவமும் தமிழும், கல்லூரியும் கச்சேரி உத்தியோகமும், புகையிலையும் வெங்காயமும் வாழ்ந்தன. நன்னீர் மட்டம் 1 அடி தாழுமாயின் அடியிலுள்ள உவர்நீர் ஏறத்தாழ 40 அடி மேலெழும் என்பது நிலநீரியலார் கூறும் விதி. துலா மிதித்த காலத்தில் மனிதனின் காலே இறைப்புக்கு வரம்பாக இருந்தது. 1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்து அவ்வரம்பை உடைத்தது. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தோட்டக்காரன் கையிற் காசு புரண்டது. கிணறு இரவும் பகலும் இறைபட்டது. 1977இன் திறந்த பொருளாதாரம் அந்தச் சந்தையைக் கவிழ்த்தது. விலை போயிற்று. உவர் தங்கிற்று. இப்போது மழையின் ஒழுங்கும் குலைந்து, கடலும் உயர்கிறது. நிலப்பரப்பின் மிகப் பெரும்பகுதி கடல்மட்டத்துக்கு மேல் 10 மீற்றரைக்கூட எட்டாத நாட்டுக்கு இதன் பொருள் என்னவென்பது வெளிப்படை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்மாணவனின் அண்ணனைக் கட்டாருக்கு அனுப்பியது காலநிலை மட்டுமன்று. இயந்திரமும் சந்தையும் அரசின் கொள்கையும் சேர்ந்தே அவனை அனுப்பின. எல்லாவற்றையும் வானத்தின்மேற் சுமத்திவிடுவது ஆளுவோர்க்கு வசதியான வேலை.

பெயர்வே இசைவாக்கம் என்ற கூற்று உண்மையாகவே பொருந்தும் நூலொன்று நம்மிடம் உண்டு. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' 1973இல் வெளிவந்தது. வாடை வீசும் பருவத்தில் அயற்கரைகளிலிருந்து மீனவர் நெடுந்தீவுக்கு வருகிறார்கள். வாடி அமைத்துத் தொழில் செய்கிறார்கள். பருவம் முடியத் திரும்புகிறார்கள். வாடைக்கு ஒரு கரை, சோளகத்துக்கு ஒரு கரை என்று காற்றின் போக்கறிந்து இடம் மாற்றி வாழ்ந்த கடற்றொழிலாளரின் அறிவு எந்த அறிக்கையிலும் கற்றதன்று. ஆசிரியர் புவியியல் பயின்றவர். ஆகையாற் காற்றும் கடலும் இந்நாவலிற் கதாபாத்திரங்களைப் போல இயங்குகின்றன. இதனைத் திறனாய்வாளர் பலர் காதற்கதையாக மட்டும் படித்துவிட்டனர். திரைப்படமாக வந்ததும் அதற்கு ஒரு காரணமாகலாம். நமக்கோ அது வந்தவனும் இருந்தவனும் ஒரே கடலைப் பங்கிடுவதன் கதையாகத் தோன்றுகிறது. வருவோன் வரவேற்கப்படுவான் என்ற பொய் அங்கில்லை. திரும்பிப் போக ஊரும் படகும் உள்ளவனுடைய பெயர்வு எவ்வாறிருக்கும் என்பதை அந்நூல் காட்டுகிறது. அந்தத் திரும்பல் இருப்பதனாலேயே அது இசைவாக்கம் ஆகிறது.

அதே 1973இல் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' வெளிவந்தது. மண்ணை விட்டு உயரப் பறவாத பறவையின் பெயரைத் தாங்கிய அந்நாவல் தண்ணிமுறிப்பின் காட்டையும் குளத்தையும் வன்னியானின் கண்ணால் நோக்கியது. அதன் தனிச்சிறப்பு அந்த நோக்கே. யாழ்ப்பாணத்தான் வன்னியைப் பார்த்த பார்வை வேறு. குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கவென 1936இற் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கிற்று. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி நம் கமக்காரர் அங்கே போயினர், காடு வெட்டினர், மலேரியாவோடும் யானையோடும் போராடினர். நீர் தேடிய பெயர்வுக்கு நம் நாட்டில் இதனினும் தெளிந்த சான்று வேறில்லை. அதில் வெற்றியும் உண்டு; மறுக்கவில்லை. ஆனால் வன்னி வெற்றிடமன்று. அங்கே மனிதர் இருந்தனர். 'காட்டுக்குப் போகிறோம்' என்று யாழ்ப்பாணத்தான் சொன்ன சொல்லிலேயே அவர்கள் மறைந்துபோயினர். நிலக்கிளி அவர்களை மறையவொட்டாது நிறுத்திற்று.

பின்னர் வந்தோரின் நிலை இன்னும் கொடிது. 1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்த மலையகத் தமிழர் பலருக்கு வாய்க்கால் நீர் பாயும் வயல் கிடைக்கவில்லை. மேட்டு நிலமும் பிறர் வயலிற் கூலியுமே அவர்கள் பங்காயின. ஒரே மாவட்டத்துக்கு, ஒரே குளத்தடிக்குப் பெயர்ந்த இரு சாராரில் ஒருவர் கமக்காரராகவும் மற்றவர் கூலியாகவும் ஆயினர். காலநிலை இருவரையும் ஒன்றாகவே சுட்டது. வரம்பு அவர்களைப் பிரித்தது. இசைவாக்கம் பேசும் அறிஞர் இந்த வரம்பின்மேல் நின்று ஒருமுறை பார்த்தல் நலம்.

இக்கதை ஒரு விசித்திரமான திருப்பத்தையும் கண்டது. குடாநாட்டுக் கிணறுகள் கெட்டதன் பின், இரணைமடு நீரைக் குழாய்வழி யாழ்ப்பாணத்துக்குக் கொணரும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுடன் 2010 அளவில் உருவாயிற்று. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தனர். சிறுபோகத்துக்கே நீர் போதாதபோது குடாநாட்டுக்கு எங்ஙனம் தருவது என்பது அவர்கள் வாதம். எதிர்த்தோரில் நீர் தேடி யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவரின் மக்களும் பேரரும் இருந்தனர் என்பதை எண்ணுக. போனவனும் இருந்தவனும் ஒரே குளத்தின் இருகரையில் எதிரெதிரே நின்றார்கள். முடிவிற் குளத்தை விட்டுக் கடலை நாடினர். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் வடமராட்சி கிழக்கின் தாளையடியிலே திறக்கப்பட்டது. மழைநீரைக் கடலுக்கு விடாது தடுத்து, ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீரேரியாக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக்குக் கொணர்வதெனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954இலே வகுத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டமோ இன்னும் முற்றுப்பெறவில்லை. இத்தனை பெரிய நாடகத்தை, ஒரே குடும்பம் குளத்தால் இரண்டுபட்ட இந்தச் சோகத்தை, நாவலாக எழுத ஒருவரும் முன்வராதது ஏன்? எழுத்தாளர்க்குப் பொருள் பஞ்சம் என்று நாம் கேள்விப்படுகிறோம்!

பெயர வழியற்றவர் பற்றிச் சொன்னோம். அவர்களை எழுதியவர் கே. டானியல். அவரது 'தண்ணீர்' என்னும் நாவல், கிணறு நிறைய நன்னீர் இருந்தும் அதில் அள்ள உரிமை மறுக்கப்பட்ட மக்களைப் பற்றியது. அந்நூலை நாம் சாதியெதிர்ப்பு இலக்கியமாகவே இதுவரை படித்தோம், அது சரியே. இன்று அதனை மீண்டும் எடுத்துப் படிக்கையில் மற்றொன்றும் புலனாகிறது. வரட்சி எல்லார்க்கும் பொது என்பது பொய். நீர் குறையும்போது முதலில் வாளியை இழப்பவன் யார் என்பது வானிலையால் தீர்மானிக்கப்படுவதில்லை. விற்க நிலமுடையவன் நிலத்தை ஈடுவைத்து முகவருக்குப் பணங்கட்டி மகனை ஐரோப்பாவுக்கு அனுப்புகிறான். நிலமேயில்லாதவன் எதனை ஈடுவைப்பான்? அவன் மகள் வீட்டுப் பணிப்பெண்ணாக வளைகுடா நாடொன்றுக்குப் போகிறாள். அல்லது எவரும் போகாமல் அனைவரும் கடன்படுகிறார்கள். 2016, 2017 வரட்சிக்குப் பின்பு நுண்கடன் நிறுவனங்களின் வாரக் கட்டணத்துக்கு அஞ்சி வடக்கின் பெண்கள் தெருவில் இறங்கியதை நாம் மறக்கவில்லை. 2018இல், வரட்சியுற்ற 12 மாவட்டங்களில் 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முன்வர நேர்ந்தது. வரட்சியிலிருந்து கடனுக்கும் கடனிலிருந்து கடவுச்சீட்டுக்கும் செல்லும் இந்தப் பாதையை இசைவாக்கம் என்று பெயரிட்டு அழைக்க நமக்கு நாக்கூசுகிறது.

நம் கடலுக்கு அப்பாலும் இதே பாடந்தான். 1964 டிசம்பரில் ஈழத்தின் வடபகுதியைத் தாக்கிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. வாழத் தகாத ஊர் என்று அரசு அறிவித்தது. புகையிரத நிலையமும் அஞ்சலகமும் போயின. உத்தியோகத்தரும் வணிகரும் போயினர். மீனவக் குடும்பங்கள் சில திரும்பவும் அந்த மணலுக்கே வந்து குடிசை போட்டன. தொழில் அங்கேயே இருந்தது, வேறென் செய்வர்? பசிபிக் பெருங்கடலில் மூழ்கும் அபாயத்திலுள்ள கிரிபாட்டி நாடு 2014இல் பிஜித் தீவில் நிலம் வாங்கியது. 'மானத்தோடு பெயர்வோம்' என்பது அன்றைய அரசின் முழக்கம். பின்வந்த அரசு இருக்கும் மண்ணிலே நிலைப்பதையே வற்புறுத்தலாயிற்று. துவாலு மக்களுள் ஆண்டுக்கு 280 பேரை ஏற்க அவுஸ்திரேலியா 2023இல் உடன்பட்டது. நிலக்கரியை உலகெங்கும் விற்கும் நாடு, அதனால் மூழ்குவோருக்கு ஆண்டுதோறும் சில நூறு இருக்கை தருகிறது. இதனைக் கொடை என்பதா? 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலோ கடலுக்கு அஞ்சி ஓடுபவனுக்கு இடமேயில்லை.

நம்மவர் சிலர் இங்கே ஓர் எதிர்வாதம் கூறுவர். 'எறிகணைக்கு அஞ்சி ஓடியவர் நாம். கிணற்றைப் பற்றி அழுவதற்கு நேரமில்லை' என்பர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களுக்குக் கிடைத்த அவகாசம் 2 மணித்தியாலம். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்தார் பல இலட்சம் பேர் மழையில் நனைந்தபடி நாவற்குழிப் பாலத்தைக் கடந்தனர். மயிலிட்டி மீனவர் 1990இல் விட்ட துறைமுகத்தை 2017இலேதான் மீண்டும் கண்டனர். இவற்றைக் காலநிலையோடு குழப்புவது பெருந்தவறு. குழப்பினால் குற்றவாளிகள் வானத்தைச் சுட்டித் தப்பிவிடுவர். ஆயினும் இவ்வநுபவமே நமக்கு ஒரு தகுதியைத் தருகிறது. பெயர்வோன் எதனை இழக்கிறான் என்பதை உலகுக்கு எழுத நம்மினும் கற்றவர் எவர்? தவிரவும், 27 ஆண்டு ஆளில்லாது கிடந்த ஊருக்குத் திரும்பியவன் அங்கே தூர்ந்த கிணற்றைத் தோண்டுகிறான், உவர் வருகிறது. போர் துரத்தியவனை நீர் மறுபடியும் துரத்துகிறது. இரண்டும் ஒரே மனிதனின் வாழ்வில் நடக்கும்போது எழுத்தாளன் ஒன்றை மட்டும் எழுதுவது எங்ஙனம் யதார்த்தமாகும்?

புலம்பெயர் இலக்கியம் என்று நாம் இன்று போற்றுவதிலும் இக்குறை உண்டு. பனியையும் தனிமையையும் நன்றாக எழுதினார்கள். ஊரைப் பற்றி எழுதும்போது அவர்கள் நினைவில் ஊர்க்கிணறு இன்றும் இனிக்கிறது. நினைவின் கிணறு உவராவதில்லை. அங்கிருந்து அனுப்பும் பணத்தில் இங்கே ஆழ்துளைக் கிணறு தோண்டப்படுவதும், மாடி வீடு எழுவதும், அயல்வீட்டுக் கிணறு அதனாற் கெடுவதும் அக்கதைகளில் வருவதில்லை. போனவனின் இசைவாக்கம் இருந்தவனின் நீரைக் குடிக்கிறது என்ற முரணைத் தொட்டெழுத ஒரு துணிவு வேண்டும்.

அம்மாணவனின் கட்டுரைக்கு முடிவுரை இல்லையென்று நாம் புள்ளி குறைத்துவிட்டோம். அது நமது தவறு, திருத்திவிட்டோம். இத்தவணையில் வகுப்பு முழுவதையும் அதே தலைப்பில் மீண்டும் எழுதச் சொல்லியிருக்கிறோம். இம்முறை ஒவ்வொருவரும் தம் ஒழுங்கையிலுள்ள கிணறுகளின் நீரைச் சுவைத்துப் பார்த்து, எந்த ஆண்டில் எது சவர்த்தது, அந்த வீட்டிலிருந்து யார், எங்கே, எதனை ஈடுவைத்துப் போனார், யார் போகவில்லை என்பவற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுத வேண்டும். தீவகத்திலும் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் கிளிநொச்சியிலும் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள் தத்தம் வகுப்பில் இதனைச் செய்து, கிடைக்கும் கட்டுரைகளில் நல்லனவற்றை இவ்விதழுக்கு அனுப்பும்படி வேண்டுகிறோம். எழுத்துப்பிழைகளைத் திருத்தலாம், 'சவர்' என்று எழுதியிருந்தால் அதனை 'உவர்ப்பு' என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.